கோடியக்கரைக்குக் கிளம்பும் முன்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோடியக்கரை போய்வந்தேன் என்று சொன்னால் போதும், "பூநாரை பார்த்தீர்களா?" என்பார்கள். இல்லையென்றால் "மான் நிறைய இருந்ததா?" என்பார்கள். மானும் பறவையும் அங்கே வாழ்வதற்குக் காரணமான செடிகொடிகளைப் பற்றி யாரும் கேட்பதில்லை. எனக்கு அந்த ஊர் பிடித்துப்போனதே செடிகளால்தான். நண்பர்களும் உறவினர்களும் கிளம்பும் முன் என்னிடம் கேட்டவற்றை இங்கே ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன். அவர்கள் கேட்டிருக்க வேண்டும் என்று நான் நினைத்த சில கேள்விகளும் இதில் உண்டு.

கோடியக்கரை சரியாக எங்கே இருக்கிறது?

நாகப்பட்டினம் மாவட்டத்தின் தென்கோடியில், வேதாரண்யத்திலிருந்து சுமார் 11 கிலோமீட்டர். வடக்கிலிருந்து நேராக இறங்கிவரும் சோழமண்டலக் கரை இந்த முனையில்தான் சட்டென்று மேற்கே திரும்புகிறது. கிழக்கே வங்காள விரிகுடா, தெற்கே பாக் நீரிணை. அந்தப் பக்கம் யாழ்ப்பாணம். கரை திரும்பும் இந்த முக்கில் அலைகளும் நீரோட்டமும் மணலைக் கொண்டுவந்து சேர்க்கின்றன. அந்த மணல்மேல் முளைத்த காடுதான் கோடியக்காடு.

1967-இல் இதைச் சரணாலயமாக அறிவித்தபோது பரப்பு 17.26 சதுர கிலோமீட்டர். காட்டுயிர்ச் சரணாலயங்களில் இது சின்னது. பிறகு பக்கத்திலிருக்கும் வேதாரண்யம் உப்புச் சதுப்பையும் முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டையும் தலைஞாயிறு காட்டையும் சேர்த்து, 2002-இல் 38,500 ஹெக்டேர் பரப்பு, உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலில் இடம்பெற்றது. தமிழ்நாட்டிலிருந்து அந்தப் பட்டியலுக்குப் போன முதல் ஈரநிலம் இதுதான். நாம் நடந்து பார்ப்பது அந்தப் பழைய சின்னச் சரணாலயத்தைத்தான்.

எப்படிப் போவது?

வேதாரண்யம் வரை பேருந்து, அங்கிருந்து கோடியக்கரைக்கு நகரப் பேருந்து அல்லது ஆட்டோ. ரயிலில் வர விரும்புகிறவர்களுக்கு திருத்துறைப்பூண்டி–அகஸ்தியம்பள்ளி பாதை இருக்கிறது. 37 கிலோமீட்டர் நீளமுள்ள அந்தப் பாதை அகலப்பாதையாகி 2023 ஏப்ரலில் மறுபடி ஓடத் தொடங்கியது. ரயில்கள் குறைவு, நேரம் பார்த்துக்கொண்டு கிளம்புங்கள்.

அகஸ்தியம்பள்ளியில் இறங்கினால் உப்பு சத்தியாகிரக நினைவுத்தூணை ஒரு நிமிடம் பார்த்துவிட்டுப் போகலாம். 1930 ஏப்ரல் 13 அன்று திருச்சியிலிருந்து ராஜாஜி தலைமையில் கிளம்பி நடந்து வந்தவர்கள் அந்த மாதக் கடைசியில் உப்பெடுத்தது இந்தப் பகுதியில்தான். தூணைத் தாண்டியதும் சாலையின் இருபுறமும் உப்பளம். அங்கேயே வண்டியை மெதுவாக்கச் சொல்லுங்கள். சரணாலயத்துக்கு இன்னும் தூரம் இருக்கிறது என்று நினைப்பீர்கள், ஆனால் பறவைகள் அதற்குள் தொடங்கியிருக்கும்.

எந்த மாதம் நல்லது?

எதைப் பார்க்க வேண்டும் என்பதைப் பொறுத்தது. வலசைப் பறவைகள் அக்டோபரிலிருந்து மார்ச் வரை. பூநாரைக் கூட்டத்துக்கு டிசம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரி வரை போகலாம். ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை வலுத்தால் சதுப்பு முழுக்கத் தண்ணீர் நிற்கும். சேற்றில் இரை தேடும் சின்னக் கால்களுள்ள உள்ளான் பறவைகளுக்கு அவ்வளவு ஆழம் ஆகாது. மழை விட்டுத் தண்ணீர் கணுக்கால் அளவுக்கு வற்றும்போதுதான் அவை கூட்டமாக இறங்கும்.

செடிகளுக்காகப் போகிறவர்களுக்கு என் யோசனை வேறு. தை மாதம் போனால் மழையில் நனைந்த காட்டின் பச்சையைப் பார்க்கலாம். கொடிகள் எல்லாம் தழைத்திருக்கும். ஆனால் சித்திரை, வைகாசியிலும் ஒருமுறை போய்ப் பாருங்கள். சதுப்பு காய்ந்து வெள்ளையாக உப்புப் பூத்திருக்கும். ஊரே வெயிலில் தகிக்கும். அப்போதும் அந்தக் காடு இலை உதிர்க்காமல் நிற்கும். அந்தக் காட்டின் தன்மை புரிவது அப்போதுதான். சரி, வெயில் தாங்காது என்பவர்கள் காலை ஆறு மணிக்கெல்லாம் உள்ளே நுழைந்து ஒன்பது, ஒன்பதரைக்குள் வெளியே வந்துவிடலாம்.

தை அமாவாசை, ஆடி அமாவாசை நாட்களை மட்டும் தவிர்த்துவிடுங்கள். ஆதிசேது என்று சொல்லி, கடலாட ஆயிரக்கணக்கானவர்கள் வருவார்கள். அது வேறு பயணம், அதற்கு வேறு மனநிலை வேண்டும்.

சின்ன இடம்தானே? இரண்டு மணி நேரத்தில் பார்த்துவிடலாமா?

வண்டியில் சுற்றினால் இரண்டு மணி நேரம் போதும். பலரும் அப்படித்தான் செய்கிறார்கள், "ஒன்றும் இல்லையே" என்று சொல்லிக்கொண்டு திரும்புகிறார்கள்.

இந்த இடத்தின் சூட்சுமம் உயரத்தில் இருக்கிறது. இங்கே மிக உயரமான இடம் ராமர் பாதம் என்கிற மணல்மேடு. கடல் மட்டத்திலிருந்து சுமார் நாலு மீட்டர் உயரம்தான். மற்றதெல்லாம் அதற்கும் கீழே. இவ்வளவு தட்டையான நிலத்தில் ஒரு சாண் ஏறினால் உப்பு குறைகிறது, ஒரு சாண் இறங்கினால் உப்புத் தண்ணீர் தேங்குகிறது. ஒவ்வொரு சாணுக்கும் வேறு செடி. மலையில் ஆயிரம் அடி ஏறினால் மாறுகிற காட்சி இங்கே நூறு தப்படிக்குள் மாறுகிறது. அதனால் முதல் வேலையாகக் கடற்கரைக்குப் போங்கள், அங்கிருந்து கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உள்ளே நடந்து வாருங்கள்.

முதலில் வெறும் மணல். அலை தொடும் கோட்டைத் தாண்டியதும் அடம்பு கொடி தரையோடு படர்ந்திருக்கும். இலை ஆட்டின் குளம்பு மாதிரி நடுவில் பிளந்திருக்கும், பூ ஊதா. கணுவுக்குக் கணு வேர்விட்டு மணலைப் பிடித்து வைத்திருப்பது அதுதான். சங்கப் பாடல்களில் நெய்தல் நிலத்துப் பெண்கள் சூடிக்கொள்கிற அடும்பு இதுவே. அதற்குப் பக்கத்தில் விறைப்பான ஊசி இலைகளோடு இராவணன் மீசை. பேரைக் கேட்டதும் குழந்தைகள் சிரிப்பார்கள், தொட்டுப் பார்த்ததும் பேர் சரிதான் என்பார்கள். அதன் முள்பந்து மாதிரியான விதைத் தலை காற்றில் கழன்று கரையோடு உருண்டு ஓடும். விதை பரப்ப அதற்குப் பறவையும் வேண்டாம், விலங்கும் வேண்டாம்.

இன்னும் உள்ளே வந்தால் தாழை, புன்னை, இடையிடையே சவுக்கு. அதைத் தாண்டி மணல்மேடு ஏறினால் காடு. மறுபுறம் இறங்கினால் மரம் குறைந்து புல்வெளி. புல்வெளி முடியும் இடத்தில் தரை ஈரமாகி உமரிச் செடி தொடங்கும். அதற்கப்பால் கண்ணுக்கெட்டிய வரை சதுப்பு. இவ்வளவும் நடந்து பார்க்கிற தூரத்துக்குள்.

காடு என்கிறீர்கள், படத்தில் புதர் மாதிரிதானே தெரிகிறது?

ஆமாம், தேக்கடி, டாப்சிலிப் பார்த்த கண்ணுக்குப் புதராகத்தான் தெரியும். மரங்கள் குட்டை. கடற்காற்று மேலே சீவிவிட்டது போல ஒரே மட்டமாக நிற்கும். ஆனால் இது உலர் பசுமைமாறாக் காடு. சோழமண்டலக் கரையோரம் முழுக்க ஒருகாலத்தில் இருந்த இந்த வகைக் காட்டில் பெரும்பகுதி வயலாகவும் ஊராகவும் சவுக்குத் தோப்பாகவும் மாறிவிட்டது. இன்று புதுச்சேரி, புதுக்கோட்டைப் பக்கம் அய்யனார் கோயில் காடுகளாகத் துண்டு துண்டாக மிஞ்சியிருக்கிறது. கோடியக்கரையில்தான் அது பரந்து கிடக்கிறது. எட்டு மாதம் மழை இல்லாத ஊரில் ஒரு காடு எப்படி வருடம் முழுக்கப் பச்சையாக இருக்க முடியும் என்று கேட்டுக்கொண்டே அந்த இலைகளைத் தடவிப் பாருங்கள். தோல் மாதிரித் தடித்திருக்கும். ஈரத்தை எளிதில் விடாத இலை. மழைத் தண்ணீர் மணலுக்குள் இறங்கி, அடியிலிருக்கும் உப்புத் தண்ணீரின்மேல் எண்ணெய் போல மிதந்து நிற்கும். வேர்கள் குடிப்பது அந்த நல்ல தண்ணீரை. மணல்மேட்டை வெட்டி எடுத்தால் அந்தத் தண்ணீரும் போய்விடும், காடும் போய்விடும்.

நான்கைந்து மரங்களை மட்டுமாவது அடையாளம் தெரிந்துகொண்டு போங்கள். பாலைதான் இந்தக் காட்டின் தலைவன். உலக்கை செய்ய ஏற்ற கெட்டியான மரம் என்பதால் உலக்கைப்பாலை என்றும் சொல்வார்கள். இலை நுனியில் சின்னப் பிளவு இருக்கும், கிளை ஒடிந்தால் பால் வடியும். இலங்கையின் வன்னிக் காட்டிலும் பாலையும் வீரையும்தான் பெரிய மரங்கள். நடுவில் கடல் இருந்தாலும் இரண்டும் ஒரே இனக் காடுகள்.

அடுத்தது காயா. "காயாம்பூ வண்ணன்" என்று கண்ணனைப் பாடிக் கேட்டிருப்போம், பூவைப் பார்த்தவர்கள் எத்தனை பேர்? அது பூத்திருக்கும்போது கிளையோடு ஒட்டிய ஊதா நீலக் கொத்துகளைப் பார்த்து நான் பத்து நிமிடம் நகராமல் நின்றிருக்கிறேன். அப்புறம் முள்ளும் கறுப்புப் பழமுமாகக் களா, சதுப்பின் ஓரத்தில் பல்குச்சிக்குப் பேர்போன உகாய், புதர்களின்மேல் இலையே இல்லாத மஞ்சள் நூலாகப் படர்ந்திருக்கும் கொத்தான். கொத்தானுக்குத் தரையோடு உறவே இல்லை, மற்ற செடிகளில் உறிஞ்சியே பிழைக்கும்.

பாலைப்பழம் சாப்பிடலாமா?

கோடையில் பழுக்கும். மஞ்சள் நிறத்தில் வேப்பம்பழம் அளவு இருக்கும், இனிக்கும். ஊர்க்காரர்கள் பாலைப்பழ சீசனுக்காகக் காத்திருப்பார்கள். உதட்டில் பால் ஒட்டிக்கொள்ளும். சரணாலயத்துக்குள் பறிக்க வேண்டாம். குரங்குக்கும் பறவைக்கும் அந்தப் பழம்தான் கோடை உணவு, அவை போடும் விதையில்தான் அடுத்த பாலை முளைக்க வேண்டும். ஊர்ப் பக்கம் யாராவது விற்றால் வாங்கிச் சாப்பிடுங்கள்.

சதுப்பில் சேற்றைத் தவிர என்ன இருக்கிறது?

அந்தச் சேறுதான் சாப்பாடு. புழு, நத்தை, சின்ன நண்டு, கண்ணுக்குத் தெரியாத பாசி எல்லாம் அதில். இருபத்தைந்து கிராம்கூடத் தேறாத கொசு உள்ளான் ஆர்க்டிக் பக்கத்தில் குஞ்சு பொரித்துவிட்டு இவ்வளவு தூரம் பறந்து வருவது இந்தச் சேற்றுக்காகத்தான். சலீம் அலி இந்த இடத்தை விரும்பித் தேடி வந்ததும், பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் இங்கே பல பத்தாண்டுகளாகப் பறவைகளுக்கு வளையமிட்டு ஆராய்ந்துவருவதும் அதனால்தான்.

செடி என்று பார்த்தால் உமரி. இலை விரல்நுனி அளவு, தண்ணீர் நிறைந்து உருண்டையாக இருக்கும். உப்பை உள்ளே வாங்கி, அதைத் தாங்கிக்கொண்டு வாழக் கற்ற செடி. வெயில் ஏற ஏறச் சில இடங்களில் சிவந்துபோய், தரையில் கம்பளம் விரித்த மாதிரி இருக்கும். கடற்கரை ஊர்களில் இதைக் கீரையாகச் சமைப்பதும் உண்டு.

ஒரு எச்சரிக்கை: மேலே காய்ந்து பாளம் பாளமாக வெடித்திருந்தாலும் அடியில் சேறு குழைந்திருக்கும். படம் எடுக்கும் ஆசையில் சதுப்புக்குள் இறங்காதீர்கள். முழங்கால் வரை போனால் செருப்பு திரும்பி வராது. நீங்கள் இறங்கினால் பூநாரைக் கூட்டம் மொத்தமும் எழுந்து பறந்துவிடும். இரை தேட வேண்டிய நேரத்தை அவை பறப்பதில் செலவழிக்கும்.

மான் எங்கே பார்க்கலாம்? குதிரை கூட இருக்கிறதாமே?

வெளிமான் பேருக்கேற்றபடி வெட்டவெளியில் இருக்கும். புல் குட்டையாக இருக்கும் இடம்தான் அதற்குப் பிடிக்கும், தூரத்தில் வருகிற நரியைக் கண்ணால் பார்த்து ஓடிப் பிழைக்கிற விலங்கு. ஆணுக்கு முறுக்கிய கொம்பு, முதுகு கறுத்திருக்கும். பெண் இளம்பழுப்பு, கொம்பு கிடையாது. காலையிலும் மாலையிலும் புல்வெளி ஓரத்தில் சத்தமில்லாமல் நின்றால் போதும். புள்ளிமான் காட்டின் ஓரத்தில் இருக்கும். காட்டுப்பன்றி, முயல், குரங்கு எல்லாம் உண்டு.

குதிரைகளும் உண்டு. வளர்ப்புக் குதிரைகளின் வழியில் வந்து காட்டுக்குப் பழகிப்போன மட்டக்குதிரைகள். பார்க்க அழகாகத்தான் இருக்கும், ஆனால் மான் மேய வேண்டிய புல்லையே அவையும் மேய்கின்றன. சீமைக்கருவேலங்காயை விரும்பித் தின்று, சாணத்தோடு விதையைப் புல்வெளி முழுக்கப் போட்டுவிடுகின்றன. அங்கே முள்காடு முளைத்துவிட்டால் வெளிமானுக்கு இடம் இல்லை. வனத்துறை சீமைக்கருவேலத்தை வேரோடு எடுத்துவருகிறது. பொக்லைன் ஓடிய தடத்தைப் பார்த்து "மரத்தை வெட்டுகிறார்களே" என்று வருத்தப்படாதீர்கள். அங்கே மரம் இல்லாமல் இருப்பதுதான் இயற்கை. புல்வெளியைக் காலியிடம் என்று நினைக்கிற பழக்கம் நம்மை விட்டுப் போக வேண்டும் என்று எனக்கு ரொம்ப நாளாக ஆசை.

கஜா புயலுக்குப் பிறகு காடு மீண்டுவிட்டதா?

2018 நவம்பர் 16 அதிகாலை கஜா இந்தக் கரையில்தான் ஏறியது. மரங்கள் ஏராளமாகச் சாய்ந்தன, வெளிமான்களும் பறவைகளும் செத்துக் கரை ஒதுங்கின. அதன் பிறகு நான் போனபோது, எனக்குப் பழக்கமான தடமே அடையாளம் தெரியவில்லை. விழுந்த பாலை ஒன்றின் அடிமரத்தில் உட்கார்ந்திருந்தேன், அதன் பக்கவாட்டில் தளிர் விட்டிருந்தது. பச்சை திரும்பிவிட்டது. ஆனால் பாலை மெதுவாக வளரும் மரம். முதிர்ந்த மரங்கள் நின்ற இடத்தில் அதே மாதிரி மரங்களைப் பார்க்க நம் ஆயுள் போதாது.

அலையாத்திக் காட்டை அங்கேயே பார்க்கலாமா?

சதுப்பின் கால்வாய் ஓரங்களில் கொஞ்சம் பார்க்கலாம். நிறையப் பார்க்க முத்துப்பேட்டை போக வேண்டும், அங்கே வனத்துறை அனுமதியோடு படகில் லகூன் வரை போகலாம். அதற்குத் தனியாக ஒரு நாள் வைத்துக்கொள்ளுங்கள். போனால் வெண்கண்டல் இலையின் அடிப்புறத்தை விரலால் தடவி நாக்கில் வைத்துப் பாருங்கள், உப்பு கரிக்கும். உமரி உப்பை உள்ளே வைத்துக்கொள்கிறது, கண்டல் இலை வழியாக வெளியே தள்ளுகிறது. தில்லை மரம் இருந்தால் மட்டும் கிட்டே போகாதீர்கள், அதன் பால் கண்ணில் பட்டால் ஆபத்து.

அனுமதி, கட்டணம், வழிகாட்டி?

சோதனைச்சாவடியில் கட்டணம் கட்டி அனுமதி வாங்கியே உள்ளே போக வேண்டும். கட்டணமும் நேரமும் மாறும், வறட்சி, புயல் சமயங்களில் மூடவும் செய்வார்கள். கிளம்பும் முன் நாகப்பட்டினம் வன உயிரினக் காப்பாளர் அலுவலகத்திலோ கோடியக்கரை வனச்சரக அலுவலகத்திலோ கேட்டுவிடுவது நல்லது. இருட்டிய பிறகு உள்ளே இருக்க முடியாது.

வேட்டைத்தடுப்புக் காவலர் யாராவது கூட வர முடியுமா என்று கேளுங்கள். இவர்களில் பலர் உள்ளூர்க்காரர்கள். புத்தகத்தில் இல்லாத பேர்கள் அவர்களுக்குத் தெரியும். ஒருமுறை ஒரு அண்ணன், நான் தேடித்தேடிப் பார்க்க முடியாத காயாப் பூவை, "அது முனியப்பன் ஏரிப் பக்கம் பூத்திருக்கு, வாங்க" என்று நேரே கொண்டுபோய் நிறுத்தினார். அவர்களோடு பேசும்போது அவசரப்படாதீர்கள்.

குழந்தைகள், வயதானவர்களைக் கூட்டிப்போகலாமா?

தாராளமாக. மேடு பள்ளம் கிடையாது. மணலில் நடப்பதுதான் முட்டிவலிக்காரர்களுக்குச் சிரமம். அவர்கள் ராமர் பாதத்துக்கு வண்டியில் போய் இறங்கலாம். கல்லில் பாதச் சுவடுகள் உள்ள சின்னக் கோயில், ராமர் அங்கே நின்று இலங்கையைப் பார்த்தார் என்பது நம்பிக்கை. மேலே நின்றால் காட்டின் தலைப்பகுதி முழுக்கத் தெரியும். கோடியக்காட்டில் குழகர் கோயிலும் இருக்கிறது. சுந்தரர் இந்தக் கடற்கரைக்கு வந்து, துணைக்கு யாருமில்லாமல் இங்கே தனியாக இருக்கிறீரே என்று சிவனிடம் வருந்திப் பாடிய தலம்.

குழந்தைகளிடம் ஒரு விளையாட்டு சொல்லுங்கள்: கடலிலிருந்து காடு வரை ஒவ்வொரு இடத்திலும் உதிர்ந்து கிடக்கும் ஓர் இலையைத் தொட்டு, மெல்லிசா, தடிப்பா, முள்ளா, தண்ணீர் நிறைந்ததா என்று சொல்ல வேண்டும். என் அக்கா பிள்ளைகள் அதில் ஒரு காலைப் பொழுதையே ஓட்டிவிட்டார்கள்.

கடலில் குளிக்கலாமா?

வேண்டாம். கரையின் சில பகுதிகளில் சேறு படிந்திருக்கும், கரை திரும்பும் முனை என்பதால் நீரோட்டமும் உண்டு. மீன்பிடி சீசனில் வெளியூர் மீனவர்களும் வந்து வாடி என்கிற கொட்டகை போட்டுத் தங்கியிருப்பார்கள், வலையும் கயிறும் கரை முழுக்கக் கிடக்கும். ஜனவரியிலிருந்து மார்ச் வரை பங்குனி ஆமைகள் முட்டையிட இந்தக் கரைக்கு ஏறும். வனத்துறை முட்டைகளைச் சேகரித்துப் பொரிப்பகத்தில் வைத்துக் குஞ்சுகளைக் கடலில் விடுகிறது. அந்த மாதங்களில் மணலில் வண்டி ஓட்டாதீர்கள்.

சாப்பாடு, தங்குமிடம், கையில் என்ன எடுத்துப்போவது?

கோடியக்கரையில் சின்னக் கடைகள்தான். சாப்பாட்டையும் தங்குவதையும் வேதாரண்யத்தில் வைத்துக்கொள்ளுங்கள். விடியற்காலை கிளம்பினால் வழியில் முல்லைப்பூ பறிக்கிறவர்களைப் பார்க்கலாம், அந்த வட்டாரத்துப் பூ அது.

தண்ணீர் ஆளுக்கு இரண்டு லிட்டர், தொப்பி, முழுக்கைச் சட்டை, மூடிய செருப்பு. பச்சை, பழுப்பு நிறச் சட்டையாக இருந்தால் நல்லது. பறவைக்குப் பைனாகுலர், செடிக்கு ஒரு பூதக்கண்ணாடி. பாம்புகள் உண்டு, தடத்தை விட்டு விலகாதீர்கள். பிளாஸ்டிக் பை, தின்பண்ட உறை எதையும் விட்டுவராதீர்கள். குரங்குக்கு எதுவும் கொடுக்காதீர்கள். கொடுத்துப் பழக்கியதால்தான் அவை இப்போது காட்டை விட்டுச் சாலையோரத்தில் உட்கார்ந்திருக்கின்றன.

அங்கிருந்து செடியோ விதையோ எடுத்து வரலாமா?

கூடாது. சரணாலயத்துக்குள்ளிருந்து ஒரு குச்சியைக்கூட எடுப்பது சட்டப்படி தவறு. ஆனால் இந்த மரங்களை வளர்க்கும் ஆசை வந்தால் அதை விட்டுவிடாதீர்கள். கரையோர ஊர்க்காரர்கள் என்றால் புன்னையில் தொடங்கலாம், கோயில்களிலும் தெருக்களிலும் உதிர்ந்து கிடக்கும் விதையே போதும். அதன் ஓடு கெட்டி. அப்படியே புதைத்தால் முளைக்க மாதக்கணக்காகும். சுத்தியலால் உள்ளே பருப்பு நசுங்காமல் மெல்லத் தட்டி ஓட்டைக் கீறிவிட்டு, மணல் கலந்த மண்ணில் ஒரு விரல் ஆழத்தில் வையுங்கள்.